ஏழு கிலோ

கடை திறந்ததும்
கண்ணாடிக்குள் நிற்கிற விமானத்தைத் துடைப்பேன்.
நாலு எஞ்சின். பிளாஸ்டிக்.
போன நோன்புப் பெருநாளைக்கு
ஒன்றைச் சின்னவன் கழற்றிவிட்டான்.
மிச்ச மூன்றோடும்
பறக்கிற கோலத்தில்தான் நிற்கிறது.

கொண்டுவந்து வைத்தவர் பார்த்தலொட்.
மட்டக்களப்பில், டச்பார் பக்கம் வீடு.
லண்டனுக்கும் மெல்போனுக்கும் பறக்கிற
அந்தப் பெரிய கம்பனிக்கு
கிழக்கு முழுக்க விற்பனை அதிகாரி.
டிசம்பர் வந்தால் கலண்டர், டயறி,
ஒரு பெட்டி பேனை.
கமிஷன் நூற்றுக்கு ஏழு.

மறுகா ஐந்து.
மறுகா மூன்று.
மறுகா ஒரு கடிதம்,
அன்புள்ள பங்காளருக்கு என்று தொடங்கி
சைபரில் முடிந்தது.

கலண்டர் நின்ற வருடம்
பழையதைக் கழற்றவில்லை.
அதில் இன்னும் ஒரு பணிப்பெண்
துணி விரித்த தட்டில் சோறு நீட்டுகிறாள்.
கரண்டிகூட எவர்சில்வர்.

இப்போது கல்முனையில் ஆருக்கு நான் வேணும்?
போனைத் திறந்தால் மலிவுக் கம்பனி,
அமுக்கினால் சீட்.
விலையைப் பார்த்தால்
கொழும்புக்கு வான் பிடிக்கிற சல்லி மாதிரி இருக்கும்.
பிறகுதான் ஒவ்வொன்றாய் வரும்:
பேக்குக்குக் காசு,
யன்னலோரத்துக்குக் காசு,
தண்ணிக்குக் காசு,
பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால்
டிக்கட்டை விடக் கூடக் காசு.
அந்த எழுத்தைத் திருத்தத்தான்
என்னிடம் வருகிறார்கள்.

ஒருநாள் தேத்தண்ணி ஆறும்வரை
பார்த்தலொட் கணக்குச் சொன்னார்.
"தூரம் போற விமானம், மிஸ்டர் ஹில்மி,
எண்ணெயைச் சுமக்கவே எண்ணெய் எரிக்கும்.
மற்றவன் நாலு மணித்தியாலத்தில இறங்கி
அரை மணியில கிறுகி வாறான்.
எங்கட பைலட்டுக்கு அங்க ஹோட்டல்.
விமானமும் படுத்துக் கிடக்கும்,
படுத்துக் கிடந்தாலும் வாடகை.
முன்னுக்குக் கால் நீட்டிப் படுத்துப் போற முப்பது பேர்தான்
பின்னுக்கு இருக்கிற முந்நூறு பேரையும் தூக்கினது.
அந்த முப்பதும் இப்ப
வீட்டில இருந்து ஸ்கிரீனில கூட்டம் வைக்குது."

எனக்கு விளங்கியது வேறு விதமாக.
சாய்ந்தமருதுக் கரையில்
வெயில் ஏற ஏற
சூடை மீனுக்கு விலை கூறுகிறவன் குரல் இறங்கும்.
கதவு சாத்தின பிறகு வெறும் சீட்
அதைவிட மோசம்.
விலைப்படாத மீனைக்
கருவாடாவது போடலாம்.

இந்தப் பெப்ரவரியில் வந்தார்.
டை இல்லை.
மேசைக்கு அந்தப் பக்கம்,
வாடிக்கைக்காரர் கதிரையில் இருந்தார்.
"தம்மாம். ஒரு வழி.
ஆக மலிவு எது?"
களஞ்சியத்தில் கணக்கெழுதுகிற வேலையாம்.
ஐம்பத்துநாலு வயதுக்கு
அதுவே பெரிய காரியம் என்றார்.

ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன்.
அறுபத்தோராயிரம்.
கீழே, அவருடைய கம்பனி:
ஒரு லட்சத்துப் பன்னீராயிரம்.
"எங்கட விலை கூடத்தான்" என்றார்.
ஒள்ளுப்பம் பொறுத்து,
"அவங்கட" என்றார்.

ஏழு கிலோவுக்கு மேல் காசு.
கொண்டுவந்த பேக்கை என் தராசில் தூக்கினோம்:
ஒன்பதரை.
சாமான் ஒன்றையும் வெளியே வைக்க மனமில்லை அவருக்கு.
சப்பாத்தை எடுத்துக் காலில் போட்டார்.
கம்பனி கோட்டை எடுத்து மேலில் போட்டார்.
பித்தான்களில் சின்னம் இல்லை,
கறுப்பு நூல்தான் புதிது.
"ஆளை நிறுக்கமாட்டாங்கள்தானே?"
இல்லை என்றேன்.
மின்விசிறியைக் கூட்டிவிட்டேன்.
தராசு ஏழுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

கடவுச்சீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு
அவர் பெயரை எழுத்தெழுத்தாய் அடித்தேன்.
ஒற்றை டியா, இரண்டா என்று
மூன்று தரம் பார்த்தேன்.

எனக்கு இதில் கமிஷன் இல்லை.
சேவைக் கட்டணம் ஐந்நூறு என்று
பில்லில் எழுதினேன்.
கோட்டுப் பையில் தேடி எடுத்துத் தந்தார்.
வாங்கினேன்.